அரிவாளணுச் சோகையும் குழந்தையின் காய்ச்சலும்

நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு என்றதும் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றை நினைத்துக்கொள்கிறார்கள். கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் நான் அதிகம் கண்ட குறைபாடு அதுவன்று. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் கொள்ளும் பரம்பரை ரத்த நோயான அரிவாளணுச் சோகையால் மண்ணீரல் செயலிழந்துபோன குழந்தைகளிடம் காணப்படும் குறைபாடு அது. பதிவேடுகளில் இது ரத்த நோயாக மட்டுமே எழுதப்படுகிறது. சிறு வயதில் இக்குழந்தைகளின் உயிருக்குப் பெரிய ஆபத்து கிருமித் தொற்றிலிருந்தே வருகிறது என்பதைப் பெற்றோருக்கும் பணியாளர்களுக்கும் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் அரிவாளணு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவர் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டு வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்னும் புரதம் இல்லாமல் திரும்பத் திரும்ப ரத்தத் தொற்றுக்கு ஆளான சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடுகளைப் பற்றிய ஆய்வு அதன் பிறகே வேகம் பெற்றது. அச்சிறுவனைத் தாக்கிய நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவே எங்கள் குழந்தைகளுக்கும் முதல் எதிரி.

நிமோகாக்கஸைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை ஒன்று உண்டு. அந்த உறை இருப்பதால் வெள்ளணுக்களால் அதை எளிதில் பற்றி விழுங்க முடிவதில்லை. அதற்கு எதிரான எதிர்ப்பொருளை விரைந்து உருவாக்குவதும், ரத்தத்தில் மிதந்துவரும் கிருமியை வடிகட்டிப் பிடிப்பதும் மண்ணீரலின் வேலை. அரிவாள் வடிவம் கொண்டு விறைத்துப்போன சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்ணிய வழிகளில் அடைத்துக்கொள்வதால், ரத்த ஓட்டமின்றி அதன் திசு சிறிது சிறிதாக அழிகிறது. இந்நோயுள்ள நம் நாட்டுக் குழந்தைகளில் பலருக்கு மண்ணீரல் நெடுநாள் வீங்கியே இருப்பதுண்டு. கைக்குத் தட்டுப்படுகிறது என்பதாலேயே அது வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது.

இதை ஸ்மியரிலேயே, அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லப் பூசிய ரத்தத்திலேயே பார்க்கலாம். லீஷ்மன் சாயமேற்றிய ஸ்லைடை நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸின் கீழ் வைத்தால், சில சிவப்பணுக்களுக்குள் கரும்ஊதா நிறத்தில் உருண்டையான ஒரு புள்ளி தெரியும். ஹோவெல்-ஜாலி துகள் எனப்படும் அது, அணுக்கருவின் எச்சம். நலமான மண்ணீரல் அதைச் சிவப்பணுவிலிருந்து நீக்கிவிடும். எனவே அது கண்ணில் பட்டால் மண்ணீரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அது தென்படாவிட்டாலும் மண்ணீரல் நலமாக இருக்கிறது என்று உறுதி கூற முடியாது. செல் கவுண்டர் கருவி ரத்த அணுக்களின் எண்ணிக்கைகளை நொடியில் தந்துவிடுகிறது. ஆனால் இந்தப் புள்ளியை மனிதக் கண்தான் தேடிக் காண வேண்டும். அதனால் ஸ்மியர் பார்க்கும் பழக்கம் ஆய்வகங்களில் குறைந்துவருவது எனக்குக் கவலை அளிக்கிறது.

பணியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து மகனை அழைத்துவந்த தாய் ஒருவர், “அக்கா, இவன் அண்ணனும் இதே சோத்தைத்தானே சாப்பிடுறான், இவனுக்கு மட்டும் ஏன் இப்படிக் காய்ச்சல் வருது?” என்று கேட்டார். ஊட்டக்குறைவு, நீரிழிவு, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கக்கூடியவைதாம். ஆனால் அவர் மகனுக்கு வந்தது அவற்றால் அன்று. தாய், தந்தை இருவரிடமும் அரிவாளணுவை உண்டாக்கும் மரபணுவின் ஒரு படி (நகல்) இருந்தால், அவர்கள் நலமாகவே இருந்தாலும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு படிகளும் சேர்ந்து நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு படி மட்டும் உள்ளவர்களுக்கு அது கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. மலேரியா நிறைந்திருந்த காட்டுப் பகுதிகளில் அது தலைமுறைகளாக நிலைத்ததற்கு இதுவே காரணம். அவர் உணவில் குறை வைக்கவில்லை என்பதைத்தான் நான் முதலில் சொன்னேன். சோற்றைப் பற்றிக் கேட்டபோது அவர் குரலில் குற்ற உணர்வு இருந்தது.

தடுக்கும் வழிகள் எளியவை. அரிவாளணுச் சோகை உள்ள குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்து வயது வரை தினமும் இரு வேளை பெனிசிலின் கொடுப்பது வழக்கம். சிறு குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்தால் நிமோகாக்கஸ் தொற்று பெருமளவு குறைகிறது என்பது 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெளிவானது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தின் பொதுத் தடுப்பூசித் திட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது எல்லா வகை நிமோகாக்கஸையும் தடுப்பதில்லை. அதனால் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு வரும் காய்ச்சலையும் அவசரமாகவே கருத வேண்டும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை இரவுக்குள் ரத்தத் தொற்றால் அபாய நிலைக்குப் போய்விடக்கூடும். தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பாலிருக்கும் குடியிருப்பிலிருந்து நடந்து, ஜீப் கிடைத்து, பின்னர் நடுவட்டம் வழியாக உதகைக்கு மலையேற வேண்டிய குடும்பத்திடம் “நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் வாருங்கள்” என்று சொல்லவே கூடாது. கிருமியைக் கொல்லும் முதல் ஊசி மருந்தை அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

ஹோவெல்-ஜாலி துகள் தென்பட்டால் அறிக்கையின் கீழே அதைத் தனி வரியாக எழுதி, மருத்துவரிடம் நேரில் சொல்வதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். உடன்பிறந்தவர்களின் ரத்தத்தையும் பரிசோதிக்கக் கேட்டுக்கொள்வோம். அந்தத் தாயின் மூத்த மகனிடம் மரபணுவின் ஒரு படி மட்டுமே இருந்தது. அவனுக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இளையவனின் அட்டையில், காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம்.