ஈய குண்டுக்கு எந்த ட்விஸ்ட் பேரல்?

தங்கச்சி பையன் டெக்சாஸ்ல இருக்கான், அங்க ஈயத்த உருக்கி அச்சுல ஊத்தி தானே குண்டு வார்த்து சுடறாங்க, நம்ம ஊர்ல லைசன்ஸ் இல்லாம அதெல்லாம் ஆகாது. 30-06 ரைபிளுக்கு புது பேரல் (குழல்) போடணும் மாமா, ட்விஸ்ட் 10ஆ 12ஆ 14ஆன்னு கேட்டான். போன்ல சொன்னத இங்கயும் எழுதி வக்கிறேன்.

இங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் தோட்டத்துல பன்னிக்கு வச்சிருக்கற குழல் துப்பாக்கிக்கு உள்ள குண்ட சுத்த வைக்கற வரியே (சுருள் பள்ளம்) கிடையாது, அதனால இந்த பேச்சே நம்மாளுங்களுக்கு புதுசு. 12 ட்விஸ்ட்டுனா 12 இன்ச் போறதுக்குள்ள குண்டு ஒரு சுத்து சுத்தும், அவ்ளோதான். கிளீனிங் ராடுல துணிய இறுக்கமா சுத்தி பேரலுக்குள்ள மெதுவா தள்ளுங்க, ராடு தானா கையில திரும்பும், ஒரு முழு சுத்துக்கு எவ்ளோ தூரம் உள்ள போச்சுன்னு அளந்தா அதான் உங்க ட்விஸ்ட்.

எல்லாரும் குண்டோட வெயிட்ட சொல்லி கேக்கறாங்க, ஆனா பாக்க வேண்டியது நீளம். 1879ல இங்கிலாந்துல கிரீன்ஹில்னு ஒரு கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு இன்னைக்கும் ஓடுது: குண்டோட விட்டத்த அதாலயே பெருக்கி, 150ஆல பெருக்கி, நீளத்தால வகுக்கணும், எல்லாம் இன்ச்சுல. வர்ற நம்பர்தான் குண்டு தடுமாறாம போக வேண்டிய ட்விஸ்ட், அதவிட பெரிய நம்பர் ஆகாது. 0.309 இன்ச் விட்டம், 1 இன்ச் நீளம்னா 14.3 வருது. நம்ம ரேஞ்சுல சுடற .22 ஈய குண்டுக்கு போட்டு பாருங்க, 16 பக்கம் வரும், அந்த .22 பேரல் பெரும்பாலும் 16தான்!

அப்ப வேகமா சுத்தினா நல்லதுதானேன்னு தோணும். செம்பு உறை போட்ட குண்டுக்கு பரவால்ல, வார்த்த ஈயம் மெத்துன்னு இருக்கும், ரொம்ப இறுக்கமா திருப்பினா வரியில பிடிக்காம வழுக்கும், உள்ள கண்ணுக்கு தெரியாத காத்துக்குமிழி ஒண்ணு இருந்தாலும் சுத்து ஏற ஏற குண்டு ஒதுங்கி போகும். செகண்டுக்கு 2000 அடி வேகத்துல 10 ட்விஸ்ட்டுனா நிமிஷத்துக்கு 1,44,000 சுத்து, 12ல 1,20,000. அதனால என் ஓட்டு 12க்குதான். 14 கணக்குக்கு ஒட்டி நிக்குது, கொஞ்சம் நீள குண்டு போட்டா தடுமாறும்.

ஏற்கனவே 10 பேரல் இருந்தா தூக்கி போட வேண்டாம், வேகத்த 1600க்கு இறக்குங்க, சுத்து 1,15,200க்கு வந்துரும். 1.3 இன்ச் நீளத்துல வார்க்கறவங்களுக்கு கணக்கு 11னு வரும், அவங்க 10தான் வாங்கணும், அதனால பேரலுக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி உங்க அச்சுல வந்த குண்ட காலிப்பர்ல வச்சு அளந்துருங்க.