வெட்டுக்கு முன் நிறுத்திய தண்ணீர்

நிலத்தடி சொட்டுநீர் போட்ட மறுதாம்புக் கரும்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைத்த கரும்பு) வயலில், சத்தியமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனாலும் அது அவருக்கு உதவியதா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

“கொழாய் மேல கெடந்தா அடைப்பைக் கண்ணுல பாக்கறனுங்க சார். மண்ணுக்குள்ள கெடக்கறத எத வெச்சு நம்பறதுங்க?” என்றார். நீர்மானியை வைத்து நம்பலாம் அண்ணா என்றேன். அழுத்தம் மாறாமலிருக்க, மானியில் ஓட்டம் மட்டும் வரவரக் குறைந்தால், குழாயில் நீரைச் சொட்டவிடும் சொட்டுவான் அடைக்கிறது. அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது.

ஆனால், தண்ணீரே ஓடாத நாட்களில் மானி எதைக் காட்டும்? வெட்டுக்கு முன் நீரை நிறுத்திக் காயவிட்டால் சர்க்கரை ஏறும் என்பது கரும்பில் பழைய வழக்கம். ஆலை தரும் வெட்டு உத்தரவு தள்ளிப்போனதால் அவர் வயல் கூடுதலாகக் காய்ந்திருந்தது. மோட்டாரை நிறுத்தும்போது உண்டாகும் வெற்றிடம் மண்ணை உள்ளே இழுத்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகித்தேன். அந்த வெற்றிடத்தைத் தடுக்கும் காற்று வால்வு நன்றாகவே இருந்தது. தோண்டி, ஒரு துண்டுக் குழாயை அறுத்துப் பிளந்தோம். சொட்டுவானின் வளைந்த நீர்ப்பாதை முழுவதும் பஞ்சைத் திணித்தாற்போல் மெல்லிய வேர்கள். காய்ந்த மண்ணில் கடைசி ஈரம் சொட்டுவானைச் சுற்றித்தான் நிற்கும். வேர் அங்கேதான் போகும். சுண்ணாம்புப் படிவு என்றால் ஆசிட் கலந்து, நீரின் கார அமில நிலையை 4-க்கு அருகே இறக்கி, 24 மணி நேரம் குழாயில் நிறுத்தி, கடைமுனை வால்வைத் திறந்து அலசிவிடலாம். வேருக்கு அந்த வைத்தியம் போதாது.

முதிர்ச்சிக் காலத்திலும் சிறிதளவு நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சொட்டுநீர்க்காரர்களான எங்கள் தரப்பு அறிவுரை. நிறுத்தச் சொன்னது ஆலைத் தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் விவசாயிக்குப் பணம் எடைக்கு வருகிறது. விலைக்குக் கணக்கில் கொள்ளும் பிழிதிறன், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், ஆலையின் சராசரியே அன்றி அவர் வயலுக்கு உரியதல்ல. எடை குறைந்து, குழாயும் அடைத்தால் அந்த நட்டம் முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. இதை அவரிடம் நான் வெளிப்படையாகப் பேசவில்லை. பேசியிருந்தாலும் உத்தரவு முன்கூட்டி வந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்டது குழாயைப் பற்றி மட்டும்தானா என்ற ஐயமும் உடனே எழுகிறது.

அடுத்த நடவுக்குக் குழாயை மேலேயே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். களையெடுப்பில் அறுபடும், எலி கடிக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் சுருட்டியாக வேண்டும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் மனம் மாறவில்லை. கரும்புக்கு நிலத்தடி முறையையே இன்றும் பரிந்துரைக்கிறேன். வெட்டு நாள் உறுதியாகும்வரை தண்ணீரை முழுதாக நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறேன், அந்த நாள் விவசாயிகள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்பது தெரிந்தே.