விலாச்சட்டம் வளைக்கிற வேலை

மாதிரிக் கப்பலைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் பாய்மரத்துக்குப் போகும். அப்புறம் கயிறுகள், பீரங்கிகள். கப்பலின் வயிற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த வேலையில் இருக்கிறவர்கள்தான் அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பலகைகள் மேல் வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஓரிடத்தில் வெளிச்சம் உடைந்தால் உள்ளே ஏதோ ஒரு விலாச்சட்டம், அதாவது கப்பலின் வயிற்றைத் தாங்கும் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டம், மேடு தட்டி நிற்கிறது. மேலே எத்தனை அழகாகப் பாய் கட்டினாலும் அதை மறைக்க முடியாது.

ஊரில் கதவு நிலையும் கட்டிலும் செய்துகொண்டிருந்த நான் இந்த வேலையைக் கற்றது மொரீஷியஸில், கியூர்பிப் நகரத்துப் பக்கத்தில் ஒரு பட்டறையில். 1960களின் கடைசியில் அந்தத் தீவில் தொடங்கிய தொழில் இது. விக்டரி, பவுண்டி என்ற பழைய பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் மாதிரிக்கு எப்போதும் ஆர்டர் இருக்கும். சேன் ஜெரானுக்கும் இருக்கும். அது அந்தத் தீவின் சொந்தக் கதை. சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்களோடு பிரான்சிலிருந்து வந்த கப்பல், 1744 ஆகஸ்டில் கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறையில் மோதி உடைந்தது. அப்போது ஆளுநர் லா பூர்தொனே. போர்ட் லூயி நகரைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்தவர். அந்தக் கப்பலுக்குப் பலகை ஒட்டும்போதெல்லாம், நம்ம ஊர் ஆசாரி யாராவது துறைமுகத்தில் நின்று அதை எதிர்பார்த்திருப்பாரோ என்று தோன்றும்.

சட்டம் வளைப்பது என்றதும், அசல் கப்பலிலும் அப்படித்தான் வளைத்தார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அத்தனை கனமான ஓக் மரத்தை எந்த ஆவியும் வளைக்காது. அதனால் காட்டிலேயே வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி வெட்டினார்கள். விக்டரிக்கு ஏறக்குறைய 6,000 மரங்கள் போயின என்பார்கள். ஒவ்வொரு விலாவும் பல துண்டுகளை இணைத்துச் செய்தது. நேர்மரம் கிடைக்காதா என்று அலைகிற தொழிலில் வளர்ந்தவனுக்கு, கோணல் மரத்துக்கு இத்தனை மவுசு இருந்தது வேடிக்கையாக இருந்தது.

மாதிரியில் பெரிய கப்பலுக்குச் சட்டங்களைப் பலகையிலிருந்து அறுத்தே எடுத்துவிடலாம். வளைக்கிற வேலை இரண்டு இடத்தில் வரும்: மேலே ஒட்டுகிற பலகைகளில், அப்புறம் சிறு படகுகளில். 1789இல் பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்கள், அதன் கேப்டன் பிளையையும் 18 பேரையும் இறக்கிவிட்ட படகின் நீளம் 23 அடி. 48இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாண்கூட வராது. அதன் விலாக்கள் ஈர்க்குச்சி கனம்தான். அதை வளைக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி.

மரத்தை நன்றாக அமுக்கலாம், இழுக்க முடியாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் இளகும். அப்போது வளைவின் உள்பக்கம் நிறையவே சுருங்கிக் கொடுக்கும். வெளிப்பக்கமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே பிளந்துவிடும். வியன்னாவில் வளைமர நாற்காலி செய்த மிக்கேல் தோனெத் இதற்கு ஒரு வழி கண்டார். வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையைக் கட்டி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வளைத்தார். மரத்தால் நீள முடியாது, சுருங்கியே ஆகவேண்டும். எங்கள் பட்டறையில் அதே வேலைக்கு மெல்லிய பித்தளைத் தகடு.

பலகைகளை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய பலகை ஊறினால் உப்பும். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். கொஞ்சம் நனைத்து, சூடான குழாயில் வைத்துப் பொறுமையாக உருட்டினால் போதும். வளைக்கிறது சூடுதான், தண்ணீர் அதற்குத் துணை. வளைவும் வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் மரம் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் மாறும், ஒரே மரத்தில் பலகைக்குப் பலகையும் மாறும்.

இன்னொன்று ரேகை, மர இழைகள் ஓடுகிற திசை. ரம்பம் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன குச்சியில் எத்தனை சூடு காட்டினாலும் ரேகை வெளியே ஓடுகிற இடத்தில் சிலும்பிக்கொண்டு முறியும். அதனால் படகு விலாவுக்கு மட்டும் அறுக்காமல் கத்தியால் பிளந்து எடுப்போம். பிளவு ரேகையோடுதான் போகும். மரம் நிறைய வீணாகிறது என்று மேஸ்திரி முனகுவார். சூளையில் உலர்த்திய மரம் வந்தால் நாங்கள் முனகுவோம். அது வளைவதற்கு முன் முறியும்.

சட்டங்களை ஏராக்கட்டையில், அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையில், நிறுத்தியதும் பலகையை எடுக்கக் கூடாது. முதலில் ஒரு மெல்லிய குச்சியை முன்மூக்கிலிருந்து பின்புறம்வரை எல்லாச் சட்டத்தின் மேலும் படிய வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே துள்ளுகிறதோ அங்கே உப்புத்தாள், எங்கே தொடாமல் நிற்கிறதோ அங்கே சீவல் ஒட்டு. கணக்கில் வராத நேரம் முழுக்க இதில்தான் போகும். கூலி கப்பலுக்கு இவ்வளவு என்பதால் அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எப்போதாவது ஒரு வாடிக்கையாளர், பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பழைய காலத்தில் செய்த மாதிரிகளைப் போலக் கீழ்ப்பக்கம் பலகை மூடாமல் கேட்பார். விலாக்கள் வரிசையாக அப்படியே தெரியவேண்டும். அந்த ஆர்டருக்கு வேலை அதிகம், கூலியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அது வந்தால் எங்களுக்குள் போட்டி நடக்கும். கயிறு கட்டும் பகுதியில் இருந்த பெண்கள், 'அப்படி என்ன இருக்கிறது அதில்?' என்று கேட்டுச் சிரிப்பார்கள்.