விலை மட்டும் இறங்கவில்லை

ஒன்பது வருஷம் வாடகை கொடுத்தது போதும் என்று மனைவி முடிவு கட்டியபின், 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு தேட ஆரம்பித்தோம். பிடித்துப்போனது உம்ஷ்லாங்காவுக்கும் வெருலத்துக்கும் நடுவே கட்டியிருந்த ஒரு புது எஸ்டேட், அதாவது மதிலும் காவலும் உள்ள குடியிருப்பு. மூன்று படுக்கையறை, 18 லட்சத்து 95 ஆயிரம் ராண்ட். ஒரு காலத்தில் அந்த மேடு முழுக்கக் கரும்பு. ஆபீஸில் என்னோடு வேலை செய்யும், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த அண்ணனிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் அரைகுறைதான். "தாத்தா கரும்பு வெட்டின இடம், தம்பி. இப்போ உள்ளே போக கேட்டில் பேர் எழுதணும்" என்று சிரித்தார்.

சேல்ஸ் ஆபீஸில் இருந்த பெண் எடுத்த எடுப்பிலேயே, "டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது சார், எங்கள் சலுகை" என்றாள். வீட்டைப் பேர் மாற்றும்போது அரசுக்குக் கட்டும் வரி அது. நல்ல சலுகை! பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால் வாட் கட்டுகிறோம். வாட் வரும் இடத்தில் அந்த டியூட்டி வராது, சட்டமே அப்படித்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 15 சதவீத வாட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது: 2 லட்சத்து 47 ஆயிரம் ராண்ட். இதே விலைக்கு ஒருவரிடம் பழைய வீடு வாங்கினால், ஏப்ரலில் வந்த புது விகிதப்படி டியூட்டி 27 ஆயிரத்துச் சொச்சம்.

அடுத்து அவசரப்படுத்தினார்கள். மே 1 முதல் வாட் அரை சதவீதம் ஏறும் என்று பட்ஜெட்டில் அறிவித்திருந்த நேரம் அது. அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று வாரத்துக்கு இரண்டு போன். அந்த அரை சதவீதம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 8,200 ராண்ட்தான். அதற்குப் பயந்து ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டால் பேரத்தில் அதைவிட அதிகம் இழப்போம் என்று சும்மா இருந்துவிட்டேன். ஏப்ரல் 24 அன்று அரசே அந்த உயர்வை வாபஸ் வாங்கியது. அதன்பின் அந்தப் பெண் வாட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

பேரத்துக்கு உண்மையில் கைகொடுத்தது அண்ணன் சொன்ன யோசனை. "பகலில் பார்க்காதே, ராத்திரி போய்ப் பார்" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு எஸ்டேட்டை ஒட்டிய மேட்டு ரோட்டில் காரை நிறுத்தினோம். இடப்பக்கத்து வீடுகளை மனைவி எண்ணினாள், வலப்பக்கம் நான். 38 வீடுகளில் 24-இல்தான் விளக்கு. நாங்கள் கேட்ட வீடு இருந்த கடைசி வரிசை மொத்தமும் இருட்டு. கட்டி முடித்த வீடு விற்காமல் நின்றால் வங்கி வட்டியும் காவல் செலவும் யார் தலையில்? பில்டர் தலையில்தான்.

அந்தத் தெம்பில் 17 லட்சத்து 50 ஆயிரம் கேட்டேன். மேனேஜரே வந்தார். பத்தாயிரம்கூடக் குறைக்க முடியாது என்றார். ஆனால் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: பத்திரப் பதிவில் ஏறும் விலையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அடுத்த கட்ட வீடுகளை விற்கும்போது வாங்குபவரும் வங்கியின் மதிப்பீட்டாளரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவரைச் சங்கடப்படுத்தியது பணமில்லை, பதிவாகும் அந்த எண். சரி, எண் அப்படியே இருக்கட்டும், அதற்குள் என்னென்ன வைப்பீர்கள் என்று பேச்சை மாற்றினேன்.

அங்கிருந்து எல்லாம் சுலபமாக நகர்ந்தது. வீட்டைப் பேர் மாற்றும் டிரான்ஸ்ஃபர் வக்கீல், வீட்டுக் கடனைப் பதியும் பாண்ட் வக்கீல் இருவரின் செலவும் அவர்கள் கணக்கு. எனக்கு வந்த கொட்டேஷன்படி அது கிட்டத்தட்ட 85 ஆயிரம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள். பின்பக்கம் தளம் போடக் கேட்டேன், மாட்டோம் என்றார்கள். அப்புறம் குடியிருப்பு வாடகை: சாவி வாங்கி உள்ளே போன நாளிலிருந்து வீடு நம் பேரில் பதிவாகும்வரை நம் வீட்டுக்கே மாத வாடகை கட்ட வேண்டும், எங்களுக்கு 13,500. பதிவுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம் என்று வக்கீல் ஆபீஸில் சொல்லியிருந்ததால், முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்று கேட்டேன். ஒன்றரையில் வந்து நின்றார்கள்.

சாவி கொடுத்த அன்று குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீர் கொட்டினேன். தண்ணீர் குழியைப் பார்க்காமல் நேராக வாசற்படிக்கு வந்தது. இப்படி 31 குறைகள். புது வீடு, வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். குடியேறிய மூன்று மாதத்துக்குள் சொல்லும் வேலைக் குறைகளையும், ஒரு வருஷத்துக்குள் கூரை ஒழுகினால் அதையும், ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் பெரிய பழுது வந்தால் அதையும் பில்டர்தான் சரிசெய்ய வேண்டும். போட்டோவோடு மெயில் அனுப்பினேன். 27 சரியானது, மீதிக்கு இன்னும் நடக்கிறேன்.

கோட்டை விட்டது ஒரே இடத்தில். கராஜ் கதவுக்கு மோட்டார் உண்டா என்று முதல் நாளே கேட்டதற்கு, "அது எப்பவுமே உண்டு சார்" என்றாள் அந்தப் பெண். நானும் நம்பிவிட்டேன். ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில், சின்ன எழுத்தில், 'கையால் தூக்கும் கதவு, மோட்டாருக்கு பிளக் மட்டும்' என்று இருந்தது. இந்த நாட்டில் நிலம், வீடு விற்பது எழுத்தில் இருந்து கையெழுத்தானால்தான் செல்லும், 1981 சட்டம். வாயால் சொன்னதை வைத்து என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே கதை, அவர் சொந்தக் காசில் மோட்டார் போட்டுவிட்டார்.

நான் இன்னும் போடவில்லை. டர்பன் மழையில் காரை நிறுத்தி, இறங்கி, நனைந்துகொண்டே கதவைத் தூக்குகிறேன். மனைவி உள்ளே உட்கார்ந்தபடி, "இதை எழுத்துல வாங்கினீங்களா?" என்று கேட்பாள், ஒவ்வொரு மழைக்கும்.