நியர் மிஸ் சொன்னா மெமோ

ப்ரெஸ் மெஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும், ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அழுத்துனா தான் மேல இருக்கற டை (தகட்ட அழுத்தற அச்சு) இறங்கும். கை உள்ள மாட்டக்கூடாதுனு தான் அப்படி. ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா நான் முன்னாடி வேலை பாத்த கம்பெனில மெஷின் பழசு, ஒரு பட்டன அழுத்துன மாதிரியே டேப் போட்டு ஒட்டிடுவோம், ஏன்னா ஷிஃப்டுக்கு குடுத்த டார்கெட்ட வேற எப்படியும் முடிக்க முடியாது, சூப்பர்வைசருக்கும் தெரியும், பாத்துட்டு பேசாம போயிடுவாரு.

ஒருநாள் கைய எடுக்க எனக்கு அரை செகண்ட் லேட்டாச்சு. க்ளவுஸ் நுனி மட்டும் மாட்டுச்சு. இப்படி மயிரிழைல தப்பிக்கறத தான் நியர் மிஸ்னு சொல்லுவாங்க. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா முதல் கேள்வி டேப் யாரு போட்டதுனு தான் வரும், அடுத்தது மெமோ. ரெண்டு மாசம் கழிச்சு அதே மெஷின்ல கூட வேலை பாத்த அண்ணனுக்கு ரெண்டு விரல் போச்சு. அன்னைக்கே நான் வாய தொறந்திருக்கணும். இன்னும் உறுத்துது.

அதனால தான், சேஃப்டினாலே "தண்டனைய கடுமையாக்குங்க"னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியல. தண்டனை பயம் இருக்கற இடத்துல முதல்ல மறையறது உண்மை தான்.

விமானத்துறை இத ரொம்ப பெரிய விலை குடுத்து கத்துக்கிச்சு. 1974 டிசம்பர் 1, டிடபிள்யூஏங்கற அமெரிக்க கம்பெனியோட 514 விமானம் வாஷிங்டன் பக்கத்துல இறங்க வரப்போ மலைல மோதி 92 பேரும் செத்துட்டாங்க. இறங்க அனுமதி குடுத்துட்டா எந்த உயரம் வரைக்கும் உடனே இறங்கலாம்ங்கறதுல பைலட் புரிஞ்சிக்கிட்டது ஒண்ணு, கன்ட்ரோலர் நினைச்சது ஒண்ணு. ஆறு வாரம் முன்னாடி தான் யுனைடெட்ங்கற இன்னொரு கம்பெனியோட விமானம் ஒண்ணு அதே இடத்துல அதே குழப்பத்துல மயிரிழைல தப்பிச்சிருந்துச்சு, யுனைடெட் தன் பைலட்டுங்கள எச்சரிச்சும் வச்சிருந்துச்சு, ஆனா அந்த விஷயம் மத்த கம்பெனிகளுக்கு போய் சேர வழியே இல்ல.

அதுக்கப்புறம் நடந்தது தான் முக்கியம். தப்பா போனத யாரு வேணா ரிப்போர்ட் பண்ணலாம்னு 1975ல அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பே ஆரம்பிச்சுது, ஆனா தண்டிக்கற ஆள்கிட்டயே போய் யாரு சொல்லுவா? அதனால 1976ல பொறுப்ப, தண்டிக்கற அதிகாரம் இல்லாத நாசாகிட்ட குடுத்துட்டாங்க. பேர அழிச்சிடுவாங்க, பத்து நாளுக்குள்ள எழுதிட்டா தெரியாம பண்ண விதிமீறலுக்கு பொதுவா அபராதம் இல்ல. "அப்ப தப்பு பண்றவன் தப்பிச்சிடுவானே"னு கேக்கறவங்களுக்கு: வேணும்னே பண்ணது, குற்றம், விபத்தாவே முடிஞ்சது, இதுக்கெல்லாம் அந்த பாதுகாப்பு கிடையாது.

இதே மாதிரி ஒண்ணு ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டட வேலைக்கும் சட்டமாவே வரணும்னு நினைக்கறேன். முதலாளிகிட்ட இல்லாம வெளிய ஒரு இடத்துல, பேரு வெளிய வராம சொல்லணும், சொன்னதுக்காக அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. அதோட "டேப் யாரு போட்டது"னு கேக்கறதுக்கு முன்னாடி "ஏன் போட வேண்டியிருந்துச்சு"னு விசாரிக்கறதையும் கட்டாயமாக்கணும், அந்த கேள்வி போனா தான் டார்கெட் போட்டவர் வரைக்கும் போகும்.

எங்க கம்பெனில விபத்துக்கு அப்புறம் அந்த மெஷின மாத்துனாங்க. டேப் ஒட்டுனதுக்கு ஆஸ்பத்திரில இருந்து வந்த அண்ணனுக்கே மெமோ குடுத்தாங்க. டார்கெட் அப்படியே தான் இருந்துச்சு.