கொன்ரோலர் மாத்தச் சொன்ன பெக்கோ, கடைசியில பிழை ஒரு வயரில

ஜப்பானில ஓடி முடிஞ்சு வாற பெக்கோவை (மண் கிண்டுற மெசின்) வாங்கி வச்சுத் தொழில் செய்யிற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் இதை எழுதுறன். போன வைகாசியில என்ர மெசின் 9 நாள் யாழ்ப்பாணத்தில கோப்பாயில ஒரு வளவுக்க அசையாம நிண்டது, லீசிங் காசு ஒரு பக்கம், கிணறு வெட்டக் குடுத்த ஐயா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லாமப் போறது இன்னொரு பக்கம், சரியான மனவருத்தம்.

மெசின் 20 டொன், 2010ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கொழும்பில ஒரு யார்ட்டில எடுத்து லோபெட்டில ஏத்தி ஏ9 ஆல கொண்டு வந்தனாங்கள். ஒரு வருசம் ஒரு குறையும் சொல்லேலாது. கோப்பாயில கிணத்துக்கு கல்லு உடைக்கிற பிறேக்கர் பூட்டி அடிச்சம், எங்கட மண் தெரியும்தானே, கொஞ்சம் தோண்டினா சுண்ணாம்புக் கல்லுத்தான். மூண்டாம் நாள் மத்தியானம் அடிச்சுக்கொண்டிருக்கேக்க எஞ்சின் சத்தம் சடார் எண்டு இறங்கிச்சுது, மொனிற்றரில லைற் பத்துது, ரேஸ் பண்ணினா ஏறுதில்லை. நிப்பாட்டித் திரும்ப ஸ்ராட் பண்ணினா ஒரு பத்து நிமிசம் நல்லா வேலை செய்யும், பேந்தும் அதே கதை.

மொனிற்றர் முழுக்க ஜப்பான் எழுத்து. ஃபோன் கமராவால மொழிபெயர்த்துப் பாத்துப் பாத்துத்தான் பிழை காட்டுற பக்கத்துக்குப் போனன். 3 கோட் கிடந்தது: 157-4, 102-4, 3509-4. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, படம் எடுத்து ஒரு கராச் அண்ணைக்கு அனுப்பினன். அவர் 157ஐ மட்டும் பாத்திட்டு டீசல் றெயில் (எஞ்சினுக்கு டீசலைக் கூடின பிறெசரில குடுக்கிற குழாய்) சென்சர் பழுதாப் போச்சு, மாத்து எண்டார். கொழும்பு பஞ்சிகாவத்தையில சாமான் கடையில சொல்லி எடுப்பிச்சன், 48,000 ரூபா, பஸ்ஸில வந்து சேர 2 நாள். பூட்டினம், அரை மணித்தியாலத்தில அதே 3 கோட். அப்ப அவர் சொன்னார் இனி கொன்ரோலர்தான் (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கொம்பியூட்டர்) மாத்தவேணும், 4 லட்சத்துக்கு மேல போகும் எண்டு. அண்டிரவு நான் நித்திரை கொள்ளேல்ல.

கட்டாரில பெரிய மெசின் மெக்கானிக்கா நிக்கிற மச்சானுக்கு விடிய எழும்பிப் படத்தை அனுப்பினன். அவன் உடன கோல் எடுத்து, "மச்சான், காசைச் செலவழிக்காத, வோல்ற் பாக்கிற மீற்றர் ஒண்டு எடு" எண்டான். அவன் சொல்லித்தந்ததைத்தான் எல்லாரும் அறியவேணும் எண்டு நினைக்கிறன். இந்தக் கோட்டில முதல் நம்பர் எந்த இடம் எண்டு சொல்லும், '-' அடையாளத்துக்குப் பிறகு வாற சின்ன நம்பர் என்ன மாதிரிப் பிழை எண்டு சொல்லும். 157 எண்டா டீசல் றெயில் பிறெசர், 102 எண்டா ரேபோவில (காத்தை அமுக்கித் தள்ளுற பகுதி) இருந்து எஞ்சினுக்குப் போற காத்தின்ர பிறெசர், 3509 எண்டா சென்சருகளுக்குப் போற கறண்ட். பின்னால வாற 4 எண்டா வோல்ற் இருக்கவேண்டியதை விடக் குறைவு, அல்லது வயர் எங்கயோ மெசின்ர இரும்புப் பொடியில முட்டுது. 3 எண்டா வோல்ற் கூட, 5 எண்டா பெரும்பாலும் வயர் அறுந்தது. 0, 1 வந்தா உண்மையாவே பிறெசரோ சூடோ எல்லை தாண்டிப் போட்டுது எண்டு அர்த்தம், அப்ப உடன எஞ்சினை நிப்பாட்டவேணும்.

அதாவது என்ர மெசின் டீசல் பிறெசர் குறைவு எண்டு சொல்லவே இல்லை. 3 இடத்திலயும் ஒரே நேரத்தில 4 வருது எண்டா மூண்டும் ஒண்டாப் பழுதாகிறதை விட மூண்டுக்கும் பொதுவாப் போற 5 வோல்ற் வயர் எங்கயோ முட்டுறதுக்குத்தான் வாய்ப்புக் கூட. கராச்சில ஆராவது 3509ஐயும் சேத்து வாசிச்சிருந்தா அந்த 48,000 மிஞ்சியிருக்கும், எனக்கு இப்பவும் அது கவலைதான்.

முதல் பற்றரி பாத்தம், 2 பற்றரி சேந்து 24 வோல்ற் சிஸ்ரம், ஓடேக்க 27.8 காட்டிச்சுது, அது சரி. பற்றரியில இருந்து பொடிக்குப் போற ஏர்த் வயரும் கழட்டிச் சுரண்டிப் பூட்டினம், கடல்காத்துக்கு எங்கட பக்கம் அது கெதியாப் பச்சை பிடிக்கும். பேந்து சாவியைப் போட்டு எஞ்சின் ஸ்ராட் பண்ணாம றெயில் சென்சர் பிளக்கைக் கழட்டி, வயர்ப்பக்கம் மீற்றரை வச்சா சரியா 5 வோல்ற்! மனம் விட்டுப் போச்சு. ஆனா மச்சான் சொன்னான் மெசின் ஆடேக்கதானே பிழை வருது, மீற்றரை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு வயர்க்கட்டை இழுத்து ஆட்டு எண்டு. ஓப்பரேற்றர் தம்பி மீற்றரைப் பாக்க நான் எஞ்சினுக்கு மேல குனிஞ்சு ஒவ்வொரு சாணா ஆட்டிக்கொண்டு போனன். எஞ்சினுக்குப் பின்பக்கம், கை நுழைய மறுக்கிற ஒரு இடத்தில பிடிச்சு ஆட்டேக்க தம்பி, "அண்ணை, 0.3, 0.3" எண்டு கத்தினான். மற்றச் சென்சர் பிளக்குகளையும் கழட்டி விட்டிட்டு ஆட்டினம், அப்பவும் இறங்கிச்சுது. ஒரு சென்சரைக் கழட்டின உடன வோல்ற் நிலைச்சு நிண்டிருந்தா அந்தச் சென்சருக்குள்ள சோட் எண்டு எடுக்கலாம், எல்லாத்தையும் கழட்டியும் இறங்குதெண்டா வயர்தான்.

பற்றரியைக் கழட்டிப் போட்டு அந்த இடத்தைப் பிரிச்சம். வயர்க்கட்டைப் பிடிக்கிற கிளிப் இல்லை, முந்தி ஆரோ கழட்டினவை திரும்பப் பூட்டேல்ல. கறுப்பு நெளி ரியூப் இரும்புத் தகட்டில உரஞ்சி உரஞ்சித் தேஞ்சு, உள்ளுக்க ஒரே ஒரு வயரின்ர செப்பு வெளியில தெரியுது, அதுவும் பச்சை பிடிச்சு. பிறேக்கர் அடிக்க அடிக்க அது தகட்டில தொட்டுத் தொட்டு விட்டிருக்கு. அதைப் பாத்திட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல.

பச்சை பிடிச்ச துண்டை வெட்டி எறிஞ்சு, புது வயர் வச்சு இணைச்சு, சூடு காட்டினா சுருங்குற ரியூப் போட்டு, ஸ்ரான்லி றோட்டில வாங்கின கிளிப்பால இறுக்கினம். எல்லாம் சேத்து 1,500 ரூபாக்குள்ள. பேந்து பழைய கோட்டுகளை அழிச்சிட்டு ஓடினம், இதைச் செய்யாட்டி எது பழசு எது இப்ப வாறது எண்டு தெரியாது.

இன்னொண்டு, றெயில் சென்சர் கோட் வருதெண்டு எஞ்சின் ஓடேக்க டீசல் றெயில் பைப்பை இளக்கிப் பாக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு. அதுக்க 1,000 பாருக்கு மேல ஓடும், தோலைத் துளைச்சுக்கொண்டு உள்ள போகும், தயவுசெய்து செய்யாதேங்கோ. பக்கெற் வெல்டிங் பண்ண முதலும் பற்றரி வயரையும் கொன்ரோலர் பிளக்குகளையும் கழட்டுங்கோ.

பத்தாம் நாள் காலமை திரும்பக் கல்லு அடிச்சம். கிணத்து ஐயா கதிரை போட்டு இருந்து பாத்தவர். 22 அடியில தண்ணி கண்டது, மெசின் அதுக்குப் பிறகு 40 மணித்தியாலம் ஓடியிட்டுது, பிழைப் பக்கத்தில ஒரு கோட்டும் இல்லை.