வெளிநாட்டுப் பள்ளியில் ஊழியம்: டைம்டேபிளிலிருந்து தொடங்குவோம்

பள்ளி ஊழியத்துக்கு, அதாவது கிறிஸ்தவ சபைப் பள்ளியில் சம்பளமில்லாமல் உதவ, வெளிநாடு போக நினைக்கிறவர்கள் தேவ அழைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், டைம்டேபிளைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை பீரியட், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், போன வருடம் அந்தப் பாடத்தை எடுத்தவர் யார், நீங்கள் கிளம்பிய பிறகு எடுக்கப்போகிறவர் யார்? இவற்றுக்கான பதிலைப் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.

பதில் இல்லையென்றால், உங்களை நம்பி ஓர் ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சம்பளமில்லாத ஆள் கிடைத்தால் நிர்வாகத்துக்கு லாபம். அந்த ஆள் கிளம்பியதும் பொதுத்தேர்வு வகுப்பு நடுவருடத்தில் ஆசிரியர் இல்லாமல் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் முழுப் பாடத்தை ஏற்காதீர்கள். வாசிப்புக் குழு, நூலகம், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக்கவனம், விடைத்தாள் திருத்துவதில் உதவி என்று, நீங்கள் போனாலும் இடிந்துவிழாத வேலைகளைக் கேளுங்கள். பவுசாகத் தெரியாது, ஆனால் பள்ளிக்கு உண்மையில் குறைவது இந்தக் கைகள்தான்.

மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காகவே நடக்கும் பள்ளிகள் வேறு ரகம். கென்யாவின் கிஜாபேயில் 1906இல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாடமி இதற்கு உதாரணம். இந்த வகைப் பள்ளிக்குத் தகுதிபெற்ற ஆசிரியர்களும், பிள்ளைகளோடு விடுதியிலேயே குடும்பமாகத் தங்குகிறவர்களும் தேவை. சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவரால் அங்கே பிள்ளைகளுக்கு இன்னொரு பிரிவுதான் மிஞ்சும். இங்கே நாங்கள் சொல்வது, உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கும் சபைப் பள்ளிகளைப் பற்றி.

காகித வேலைக்கு வருவோம். "சம்பளம் வாங்கவில்லையே, டூரிஸ்ட் விசா போதும்" என்பார்கள். பல நாடுகளில் சம்பளமில்லாமல் கற்பிப்பதும் வேலைதான். பிடிபட்டால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள், விசாரணையும் அபராதமும் பள்ளியின் தலையில் விழும். பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும், 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்றால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று நம் அரசு தரும் சான்று), சேராத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். காவல்துறைச் சான்றைச் சில மாதங்களுக்கு மேல் பழையதானால் ஏற்கமாட்டார்கள், எனவே அதைக் கடைசியில் வாங்குங்கள். சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து அப்பாவின் பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாராக இருக்கட்டும். கோப்பு மாதக்கணக்கில் தேங்குவது இந்த மாதிரிச் சில்லறை விஷயத்தில்தான். தம்பதியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு ஊழிய விசா, மற்றவருக்குச் சார்ந்தோர் விசா என்று வரும். இரண்டாமவர் வகுப்பெடுக்கவே அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஆனால் பள்ளி "சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டும். இருவருக்கும் தனித்தனிப் பொறுப்புக் கடிதம் கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகிறது. மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். ஊர் திரும்பியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், டாக்ஸிசைக்ளினையோ மெஃப்ளோகுவினையோ அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அவசரச் சிகிச்சைக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். திரும்பும் பயணச்சீட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். மாதக் காணிக்கை தருவதாகச் சொன்ன எல்லோரும் கடைசிவரை தருவதில்லை. மாதத் தேவை முழுவதும் உறுதியாகும்வரை காத்திருப்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இனி வகுப்பறை. பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே போய்ச் சேருங்கள். முதல் வாரம் கற்பிக்காமல், உள்ளூர் ஆசிரியர்களின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் எப்படிக் கை தூக்குகிறார்கள், நோட்டில் எங்கே தேதி எழுதுகிறார்கள், எதற்கு எழுந்து நிற்கிறார்கள் என்பது தெரியாமல் வகுப்புக்குள் போனால் முதல் மாதம் வீண். அறுபது பேர் உள்ள வகுப்பில் குழு விளையாட்டு என்று ஆரம்பித்தால் நாற்காலி நகர்த்தவே பத்து நிமிடம் போய்விடும். அருகருகே இருக்கிற இருவரை ஜோடியாக்கினால் போதும், யாரும் எழ வேண்டாம்.

உங்கள் உச்சரிப்பு முதல் இரண்டு மூன்று வாரம் அவர்களுக்குப் புரியாது. அன்றைய முக்கியச் சொற்கள் ஏழெட்டை வகுப்பு தொடங்கும்போதே கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிவிடுங்கள். பேசும்போது அந்தந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அறுபது குரலில் "புரிந்தது" என்று வரும், மரியாதைக்காக. ஒரு கணக்கைக் கொடுத்து நோட்டில் போடச் சொல்லி வரிசைகளுக்கிடையே நடந்து பாருங்கள், உண்மை தெரியும். நாற்பது நிமிட பீரியடில் புதிதாகச் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். முன்பாடத்தை நினைவூட்டுவதும், ஜோடிப் பயிற்சியும், திருத்துவதும், பலகையைப் பார்த்து எழுதுவதும் மீதியைச் சாப்பிட்டுவிடும். பாடப்புத்தகம் மூன்று பேருக்கு ஒன்று என்றிருக்கிற இடத்தில் பலகையில் நீங்கள் எழுதுவதுதான் புத்தகம், அதனால் நேர்த்தியாக எழுதுங்கள். அவர்களுடைய பொதுத்தேர்வு வினாத்தாளைப் பார்க்காமல் சொந்த முறையில் கற்பிப்பது பெருந்தன்மை ஆகாது. மதிப்பெண் குறைந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வகுப்பு இல்லை.

வாசிப்புக் குழுவை ஐந்தாறு பேருக்கு மேல் வைக்காதீர்கள். தினம் இருபது நிமிடம், வாரம் நான்கு நாள். வாரத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் நடத்துவதைவிட இது பலன் தரும். பிள்ளை பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் கடினம், ஒரு படி இறங்குங்கள்.

பிரம்படி உள்ள பள்ளியும் இருக்கும். நீங்கள் அடிக்கக்கூடாது என்பதில் சந்தேகமில்லை. அடிப்பார் என்று தெரிந்த ஆசிரியரிடம் பிள்ளையை அனுப்புவதும் அடிப்பதற்குச் சமம். ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலும் இதை எழுப்பினால் தலைமையாசிரியர் தன் ஆட்களின் பக்கம்தான் நிற்பார். தனியாகப் பேசுங்கள், உங்கள் வகுப்பில் ஒழுங்கை எப்படிக் காப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளில் வளைந்துகொடுக்க இடமே இல்லை. மூடிய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும் அல்லது இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். விடுதி இரவுப் பொறுப்புக்கும் இதே விதி. ஜெபிக்க வேண்டும் என்று பிள்ளை தனியாக வந்தாலும் ஜெபம் வராந்தாவில் நடக்கட்டும். தனிப்பட்ட பரிசு, தனிப்பட்ட போன் செய்தி வேண்டாம். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்தால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டு, அன்றே பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அப்படி ஒருவரே இல்லாத பள்ளி என்றால், போகுமுன் அதைத் தெரிந்துகொண்டு, உங்களை அனுப்பும் அமைப்பில் யாரிடம் சொல்வது என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

விசுவாசத்தைப் பகிர்வது பற்றி. சில நாடுகளில் சிறுவர்களிடம் மதப் பிரசாரம் செய்வது குற்றம், விசா நிபந்தனையிலும் அது இருக்கும். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 14ஆம் பிரிவில் பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சொல்கிறது. மதிப்பெண்ணையோ உணவையோ சலுகையையோ ஜெபக் கூட்டத்தோடு முடிச்சுப்போட்டால், வருகைப் பதிவேடு நிறையும், வேறெதுவும் நடக்காது. கேட்கிற பிள்ளைக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லுங்கள். உள்ளூர்ச் சபையில் முதல் சில மாதம் பிரசங்க வாய்ப்பு வந்தாலும் மறுத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் போதகருக்கு அங்குள்ள குடும்பங்களைத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

பணம் கேட்டு வருவார்கள், பெரும்பாலும் நியாயமான தேவைக்குத்தான். ஒரு பிள்ளையின் கட்டணத்தை நேரடியாகக் கட்டினால், நீங்கள் கிளம்பியதும் அது நடுவருடத்தில் நிற்கும். பள்ளியின் உதவி நிதியில் போடுங்கள், யாருக்கு என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். ஊரிலிருந்து பழைய கம்ப்யூட்டரும் புத்தகமும் அனுப்பச் சொல்லும் முன் சுங்கவரியைக் கேளுங்கள், சில நேரம் பொருளின் மதிப்பைவிட வரியும் சரக்குக் கூலியும் அதிகம். சார்ஜர் இல்லாத லேப்டாப்புகள் ஒரு அலமாரி நிறையக் கிடக்கும் பள்ளிகள் உண்டு.

குடிநீரைக் கொதி வந்து ஒரு நிமிடம் விடுங்கள், 2000 மீட்டருக்கு மேலான மலையூர் என்றால் மூன்று நிமிடம். வாரம் ஒரு நாள் வளாகத்தைவிட்டு வெளியே போய்விடுங்கள், வளாகத்துக்குள் ஓய்வுநாள் என்று ஒன்று கிடையாது, கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஊரில் உங்களைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் மாதாந்திர ஜெபக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர், அழும் முகம், கிழிந்த சட்டை எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர் வாசித்தால் முகம் சுளிக்காத கடிதமாக இருந்தால் அனுப்பலாம்.

ஒப்படைப்புக் கோப்பைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். முடித்த பாடங்கள், நடத்திய தேர்வுகள், இன்னும் வாசிக்கத் திணறும் பிள்ளைகள், நூலகப் பட்டியல், சாவிகள், கடவுச்சொற்கள் எல்லாம் அதில் வர வேண்டும். அந்த மாதத்தில் அடுத்தவர் வகுப்பெடுக்க, நீங்கள் பின்பெஞ்சில் இருங்கள். "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள், பயணச்சீட்டு கையில் இல்லாதவரை. பிள்ளைகள் எழுத விரும்பினால் பள்ளி முகவரிக்கு எழுதட்டும், பதிலும் பள்ளி வழியாகவே போகட்டும்.